இருபத்து நாலாவது தலை

நீங்கள் சபையைப் பார்ப்பதில்லை. திரையைத்தான் பார்க்கிறீர்கள். அதையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. பாதி நேரம் மேசைக்கு அடியில் செல்போனில் கிரிக்கெட் ஓடுகிறது.

மறுக்க வேண்டாம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், பழைய இடத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாஸ் வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்கு வந்தேன். ஜெரின், அனஸ், தினேஷ், மூன்று பேரும் இருந்தீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாடாளுமன்றக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தீர்கள். ஒருவன்கூடக் கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் மைக் ஆபரேட்டராக இருந்தேன். எந்த நாடு என்று எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. இப்போது துபாய் பக்கம் அஜ்மானில் மகள் வீட்டில் இருக்கிறேன், நேரம் இருக்கிறது. மிக்ஸரை எப்படி இயக்குவது என்று சொல்லித்தர மாட்டேன், அதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டில் இல்லாததைச் சொல்கிறேன்.

சேர்ந்த வருடத்திலேயே ஒரு தப்புச் செய்தேன். ஓர் உறுப்பினர் எழுந்து, அமைச்சரைப் பார்த்து, "உன் அமைச்சகத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றாவது உனக்குத் தெரியுமா?" என்று கத்தினார். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. அவர் மைக்கை அணைத்துவிட்டேன். அவர் வாய் மட்டும் அசைந்தது. சபை மொத்தமும் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தது.

கூட்டம் முடிந்ததும் சபைச் செயலர் கூப்பிட்டார். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தவே மாட்டார்.

"அணைக்கச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லல சார். மரியாதை இல்லாம பேசினார்."

"மரியாதையை அளக்க உன்னை வைக்கவில்லை. பேசத்தான் அவரை மக்கள் அனுப்பியிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்ல சபைத் தலைவர் ஒருவருக்குத்தான் உரிமை. அமைச்சருக்கே கிடையாது. உனக்கு உண்டா?"

"இல்ல சார்."

"பட்டன் உன் விரலுக்குக் கீழே இருக்கிறது. அவ்வளவுதான்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியில்தான் அந்தக் கட்டடமே எனக்குப் புரிந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை இருக்கிறது. உறுப்பினர் கேள்வி கேட்கலாம், உத்தரவு போட முடியாது. அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் கேட்டவர் விரும்பும் பதிலைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சபை சட்டம் நிறைவேற்றலாம், ஆனால் மேலே ஆட்சியாளர் கையெழுத்துப் போடும்வரை அது வெறும் காகிதம். அவர் காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். சபையையே கலைத்துவிடவும் மேலே அதிகாரம் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான், நடப்பது என்ன என்று உங்களுக்கு விளங்கும்.

இனி என் பெரிய தப்பு.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு உண்டு. தன் இருக்கையில் இருக்கும் மைக் பெட்டியில் அதைச் செருகிப் பட்டனை அழுத்தினால் வருகை பதிவாகும். வெளியே போகும்போது உருவிக்கொண்டு போக வேண்டும். செருகுவதும் உருவுவதும் அவரவர் வேலை என்று விதி இருக்கிறது. ஆனால் பாதிப்பேர் கார்டை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். "பாய், கார்டு மாஃபி", கார்டு இல்லை, என்று மேலே பார்த்துக் கையை விரிப்பார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. சாயங்காலம் எல்லாக் கார்டையும் சேகரித்து ஒரு பட்டர் பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். காலையில் நானே நாற்காலி நாற்காலியாகப் போய்ச் செருகினேன். வந்து உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் போதும். எல்லாருக்கும் சந்தோஷம். பெருநாளுக்குப் பெருநாள் பேரீச்சம்பழப் பெட்டி வந்தது. பத்து வருடம் இதைச் செய்தேன். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன்.

அப்போது எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே ஒரு வில்லாவில் லெட்சுமி என்று ஒரு பெண் வீட்டு வேலைக்கு இருந்தாள். இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம். காலையில் குப்பைப் பை போட வெளியே வருவாள். என் மனைவி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும் நேரமும் அதுவே. குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்று இரண்டு பேரும் மூன்று நிமிடம் பேசுவார்கள். லெட்சுமியின் தங்கை புஷ்பமும் அதே ஊரில்தான் வேறு ஒரு வீட்டில் வேலை செய்தாள். பஸ்ஸில் போனால் நாற்பது நிமிடம். இரண்டு பேருக்கும் விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. அதனால் இரண்டு வருடமாக அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று ஒரு மசோதா எங்கள் சபைக்கு வந்திருந்தது. என் மனைவி இதைச் சொல்லியிருக்கிறாள். மறுநாளே லெட்சுமி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க அங்கதானே வேல செய்றீங்க? அந்த ஐயாமாருகிட்ட சொல்லி சட்டுபுட்டுன்னு போடச் சொல்லுங்களேன்."

"நான் மைக்கப் போடுறவன் தாயி. சட்டம் போடுறவன் இல்ல."

"நீங்க மைக்கப் போட்டாத்தானே அவங்களே பேச முடியும்?"

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "பதில் சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

மசோதா ஒவ்வொரு படியாக ஏறி, இறுதி வாக்கெடுப்புக்கு வந்த நாள் அந்தப் பருவத்தின் கடைசிக் கூட்டம். அதற்கப்புறம் கோடை விடுப்பு, விடுப்பு முடிந்தால் தேர்தல். தேர்தல் வந்துவிட்டால் பாதியில் நிற்கும் மசோதா எல்லாம் செத்துப்போகும். புதுச் சபை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆக, அன்றைக்கு இல்லையென்றால் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மொத்தம் நாற்பத்தாறு நாற்காலி. இருபத்து நாலு பேர் உள்ளே இருந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும். காலையில் முப்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மசோதாவை எதிர்த்தவர்களுக்குத் தோற்போம் என்று தெரியும். அதனால் வாக்கெடுப்பு அறிவித்ததும் பத்துப் பேர் எழுந்து வெளியே போனார்கள். போக அவர்களுக்கு உரிமை உண்டு. ஆள் குறைந்தால் வாக்கெடுப்பு நின்றுவிடும், அதுதான் திட்டம்.

திரையைப் பார்த்தேன். இருபத்து நாலு. சரியாகத் தேவையான எண்ணிக்கை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அங்கே வார விடுமுறை வெள்ளி; லெட்சுமிக்கும் வெள்ளிக்கிழமை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் எனக்குத் தலை எண்ணும் பழக்கம் உண்டு. நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். குடும்பத்தோடு வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனால் நாற்பது உருப்படி போவோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணவில்லையென்றால் ஒரு பிள்ளை டீக்கடையிலேயே நின்றுவிடும். கண்ணாடி வழியாக எண்ணினேன். இருபத்து மூன்று. திரும்ப எண்ணினேன். இருபத்து மூன்று. மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி காலி. அதன் முன்னால் மைக் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எழுந்து போன பத்தில் ஒன்பது பேர் கார்டை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவர் உருவவில்லை. பருந்து வளர்க்கிற, கனத்த சரீரமுள்ள உறுப்பினர். பத்து வருடமாக அவர் கார்டை நான்தான் செருகுகிறேன், நான்தான் உருவுகிறேன். அதைத் தொட வேண்டும் என்ற ஞாபகமே அவருக்குப் போய்விட்டது. அவர் தோற்கடிக்க நினைத்த மசோதாவை அவர் கார்டே தாங்கிக்கொண்டிருந்தது.

என் பக்கத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் சூடான்காரர் உட்கார்ந்திருந்தார். அரபியும் இந்தியும் கலந்த எங்கள் இருவருக்குமான பாஷையில் கேட்டேன். "எத்தனை பேர், பாரு."

எண்ணினார். அவர் கண்ணும் அந்தக் காலி நாற்காலியில் வந்து நின்றது. என்னைப் பார்த்தார். அவருக்கும் லெட்சுமி கதை தெரியும்.

"நீ வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும், பாய்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தத் தடியன் வீட்டுக்குப் போய் யோசிப்பான். கார்டு எங்கே என்று தேடுவான். வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்வான். காலி நாற்காலியை ஊரே பார்க்கும். வெள்ளிக்கிழமையும் இருக்காது, சட்டமும் இருக்காது."

"சொன்னா இப்பவே போயிரும்."

"ஆமாம். இப்போதே போய்விடும்." எழுதுகிற கையை நிறுத்திவிட்டார். "உன் டப்பா, உன் கார்டு. நான் என்ன சொல்ல?"

செயலர் ஏட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிடத் தயாராகிவிட்டார். பத்து நொடி இருந்திருக்கும். நான் பெரிய யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்தப் பத்து நொடியில் எட்டு நொடி சும்மாவே இருந்தேன். என் வேலை போகும் என்ற பயமும் இருந்தது. கடைசியில் போனை எடுக்க வைத்தது ஒரே ஒரு நினைப்பு. முன்பு நான் பிடிக்காத பேச்சை அணைத்தேன். இப்போது பிடித்த மசோதாவுக்கு ஆள் சேர்க்கிறேன். இரண்டும் ஒன்றுதான்.

செயலர் மேசையில் போன் சிணுங்கியது.

"சார், திரையில இருபத்து நாலு. உள்ள இருக்கறது இருபத்து மூணு. மூணாம் வரிசை ஓரம் காலி."

"நிச்சயமா?"

"ரெண்டு பேர் எண்ணினோம். அந்தக் கார்டைச் செருகினது நான். தினமும் நான்தான் செருகுறேன்."

செயலர் போனை வைத்தார். பிறகு குனிந்து தலைவரின் காதில் சொன்னார். தலைவர் நிமிர்ந்து மூன்றாம் வரிசையைப் பார்த்தார். ஆள் போதவில்லை, அரை மணி நேரம் ஒத்திவைப்பு, அதற்குள் இருபத்து நாலு தலை இல்லையென்றால் கூட்டம் கலையும் என்று அறிவித்தார்.

மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் படியேறி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். முன்னாள் பள்ளி ஆசிரியர், கோபம் வந்தால் விரலை ஆட்டுவார். "இரண்டு வருடம்! இரண்டு வருடம் இதற்கு உழைத்திருக்கிறோம்! உன்னை யார் எண்ணச் சொன்னது?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஐயா, என்கிட்ட கத்துனா ஆள் வர மாட்டாங்க. அரை மணி இருக்கு. போனப் போடுங்க."

சூடான்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியர் விரல் அந்தரத்திலேயே நின்றது. பிறகு போனை எடுத்தார். ஒருவர் வெளிநாட்டில். இன்னொருவர் போனே எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் கிடைத்தார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். "அப்படியே எழுந்து வா! பல் நாளைக்கும் இருக்கும்!" என்று இவர் கத்தியது கீழே மண்டபம்வரை கேட்டது.

அந்த அரை மணி நேரம் போல நான் அந்தக் கட்டடத்தில் சிரித்தது கிடையாது. பருந்துக்காரருக்கு விஷயம் போய்விட்டது. கார்டை எடுக்க வாசல்வரை ஓடிவந்தார். வாசலில் சட்டென்று நின்றார். உள்ளே ஒரு கால் வைத்தால் அவரே இருபத்து நாலாவது தலை. ஆசிரியருக்கு அது புரிந்துவிட்டது. கீழே ஓடி, "வாருங்கள் சகோதரரே, உள்ளே வாருங்கள், காபி வேண்டுமா?" என்று உபசரிக்க ஆரம்பித்துவிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "உங்கள் நாற்காலி அழுகிறது!" "கார்டுக்குப் பசிக்கிறது!" பருந்துக்காரர் வாசல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, மேலே என்னைப் பார்த்துக் கையாட்டினார். எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம். எனக்குப் போனும் செய்தார்.

"பாய், என் கார்டைக் கொண்டு வா."

"சார், செருகுறதும் உருவுறதும் உறுப்பினர் வேலை. விதியில இருக்கு."

"பத்து வருடமாக நீதானே செய்தாய்!"

"கலாஸ் சார். இன்னைக்கோட அது முடிஞ்சுது."

இருபத்தாறாவது நிமிடம் சூடான்காரர் ஜன்னலிலிருந்து கூவினார். கார் வந்துவிட்டது. பல்வலிக்காரர் படியேறி ஓடிவந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கிக்கு மேலே டாக்டர் கட்டிவிட்ட நீலத் துணி கழுத்தில் அப்படியே தொங்கியது. ஒரு பக்கக் கன்னம் மரத்துக் கோணியிருந்தது. வாசலில் நின்ற பருந்துக்காரரின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தார். சபை கைதட்டியது. தலைவர் சுத்தியலைத் தட்டினார், ஆனால் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

இந்த முறை செயலர் திரையைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று விரல்விட்டு எண்ணினார். இருபத்து நாலு.

பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு. பல்வலிக்காரர் முறை வந்தபோது அவர் வாயிலிருந்து பஞ்சும் காற்றும்தான் வந்தது. அவர் மைக்கில் ஒலியை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். அப்போதும் புரியவில்லை. கடைசியில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஒரு கை போதும்" என்றார் தலைவர். இருபத்தொரு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை. நிறைவேறியது.

எனக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம். நியாயமான கடிதம். பிஸ்கட் டப்பாவைச் செயலர் தன் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் லெட்சுமி காத்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிருச்சா அண்ணே?"

"இல்ல. இனிமே மேல போகணும். கையெழுத்து ஆகணும். திருப்பியும் அனுப்பலாம்."

"அப்ப இன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

"சபை முறையா ஓட்டுப் போட்டுக் கேட்டாச்சு. இனி யாரும் அது செல்லாதுன்னு சொல்ல முடியாது."

அவளுக்கு அது போதவில்லை. முகத்திலேயே தெரிந்தது. வெயில் காலம் முழுக்கக் காத்திருந்தோம். வெயில் தணியும்போது கையெழுத்து ஆனது, அரசிதழில் வந்தது. லெட்சுமியின் வீட்டு எஜமானி வயதான அரபுப் பெண்மணி. அவராகவே கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை உனக்கு. போய்விட்டுப் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குள் வா. பிரியாணியை நானே கெடுத்துக்கொள்கிறேன்" என்றாராம்.

புஷ்பம் வேலை செய்தது ஒரு தமிழ்க் குடும்பத்தில். வீட்டுக்காரர் நம் தொழில்காரர்தான், சவுண்ட் எஞ்சினியர், எங்கள் ஊர்ப்பக்கம். பெயர் எழுத மாட்டேன். புஷ்பத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று கேட்கப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, அது அரபி வீட்டுக்குல்லா போட்ட சட்டம்? நாங்க அவள பிள்ள மாதிரில்லா வச்சிருக்கோம். பிள்ளைக்கு எதுக்கு லீவு?"

ஆட்சியாளர் கையெழுத்துவரை போய்வந்த சட்டம் அந்த வீட்டு அடுக்களை வாசலில் நின்றுவிட்டது. சபையால் அமைச்சரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க முடியும். ஒரு வீட்டின் காலிங் பெல்லை அடிக்க முடியாது. அதிகாரி வருவார், ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் வருவார். புஷ்பம் கொடுக்க மாட்டாள். அவளுக்குப் பயம்.

என் மனைவி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "டாக்சியக் கூப்பிடுங்க" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை அவளும் லெட்சுமியும் நானும் அந்த ஃபிளாட் வாசலில் நின்றோம். மனைவிதான் பெல்லை அடித்தாள். வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் ஆரம்பித்தாள்.

"பிள்ள மாதிரின்னு சொன்னீங்களாமே தம்பி? ஒங்க பிள்ள ரெண்டு வருசமா வாசலத் தாண்டலன்னா நீங்க போலீசுக்குல்லா ஓடுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பின்னால் ஈரக்கையோடு புஷ்பம் வந்து நின்றாள். யாரும் அழவில்லை.

"என்னாடி இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?" என்றாள் லெட்சுமி.

"நீ என்னா இப்பிடி ஊதிப் போயிட்ட?" என்றாள் புஷ்பம்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்து, "சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டு வாறேன்" என்றார். அதற்கப்புறம் ஒரு வெள்ளிகூட அவர் தடுத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்குப் போனோம். பத்தே நிமிடத்தில் அக்காளும் தங்கையும் ஏதோ ஒரு பழைய தாவணிக்காகச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். யார் கிழித்தது என்று தீரவேயில்லை. நானும் மனைவியும் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டே அதைக் கேட்டோம். அந்தச் சண்டையைப் போல இனிமையான சத்தம் எந்த மைக்கிலும் எனக்கு வந்ததில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். போன மாதம் வந்தபோது உங்களில் இரண்டு பேர் வீட்டில் சாப்பிட்டேன். ஒன்று மதியம், ஒன்று சாயங்காலம். அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் பெண்தான் பரிமாறினாள். வேறு கிழமை விடுமுறை கொடுத்திருந்தால் நல்லது, சட்டம் அதை ஒப்புக்கொள்ளும். கொடுத்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், வயிறு நிறைந்ததும் வாய் எழவில்லை. அது என் தப்பு.

இன்றைக்குக் கேட்கிறேன். எனக்குத் தனியாக எழுதி அனுப்பாதீர்கள், படிக்க மாட்டேன். நம் ஆபரேட்டர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். அவள் பெயர் என்ன? அவளுக்கு விடுமுறை எந்தக் கிழமை? போன வாரம் அந்தக் கிழமை அவள் எங்கே போனாள்? மூன்றுக்கும் எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.